ஒரே பாறைப் பங்காளிகள்

அர்த்தநாரி அந்தப் பெட்டியை வாங்கியது முட்டைக்காகத்தான். மனிதர்கள் அதற்குள் விரலை விட்டது அவர் குற்றமில்லை. விட்ட பிறகு அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, அதுதான் குற்றம்.

இது இன்னும் வராத காலத்துக் கதை. நாமக்கல்லுக்கு மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடலில் புளிப்பு ஏறிவிட்டது. சிப்பிக்கும் நத்தைக்கும் ஓடு கட்டக் கால்சியம் போதவில்லை. கடலின் கால்சியம் கடலுக்கே இருக்கட்டும், கோழித் தீவனத்தில் சிப்பித்தூள் கலந்தால் அந்த முட்டையைத் தொடமாட்டோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதைச் சோதிக்க வந்ததுதான் இந்தப் பெட்டி. முட்டை ஓட்டை உள்ளே வைத்தால், அதிலுள்ள கால்சியம் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று திரையில் ஊர்ப் பெயரோடு காட்டும். மலைக்கு மலை, கடலுக்குக் கடல் கால்சியத்தில் ஒரு சின்ன எடை வித்தியாசம் உண்டாம். பெட்டி அதை மோப்பம் பிடிக்கும். எலும்பாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான், தோலைத் தாண்டியே படித்துவிடும்.

முட்டை மண்டிக்கு எதிரில் அர்த்தநாரி கடை போட்டார். ஒருநாள் முட்டை கொண்டுவந்த வியாபாரியோடு, அவர் சம்பந்தி ஆகப்போகிறவரும் வந்திருந்தார். கூடவே பையனும் பெண்ணும். சும்மா காத்திருந்த நேரத்தில் விளையாட்டாக இருவரும் பெட்டிக்குள் விரலை விட்டார்கள். இரண்டு முறையும் திரையில் ‘சங்ககிரி’ என்று வந்தது.

“அட, ரெண்டு பேரும் ஒரே பாறை. பங்காளியால்ல போயிட்டீங்க” என்றார் அர்த்தநாரி.

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டு டீ குடித்திருப்பார்கள். இது கூட்டம் பார்த்துப் பெண் எடுக்கும் சீமை. ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் பங்காளிகள், பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. கூட்டம் என்பது யாரோ எப்போதோ சொன்னது. இதுவோ எலும்புக்குள்ளேயே எழுதியிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சம்பந்தம் முறிந்தது. அடுத்த முகூர்த்த மாதம் பிறந்தபோது கடை வாசலில் முட்டைக்காரர்கள் நிற்க இடமில்லாமல் கல்யாணக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

வரிசை நீள நீள வகையறாக்கள் முளைத்தன. சங்ககிரிக் கல், அரியலூர்க் கல், தூத்துக்குடிச் சிப்பி என்று மூன்று பெரியவை. வெளிநாட்டு மாவுப்பால் குடித்து வளர்ந்தவர்கள் பால்பவுடர் வகையறா. அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். வகையறா என்றால் குலதெய்வம் வேண்டுமே. சங்ககிரிக்காரர்கள் பழைய குவாரி விளிம்பில் ஒரு பாறைக்கு மஞ்சள் பூசிக் கல்லம்மன் ஆக்கினார்கள். அரியலூர்க்காரர்களுக்குக் கல்லாகிப் போன கடல் நத்தை ஒன்று கிடைத்தது. பால்பவுடர்க்காரர்கள்தான் தெய்வம் கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் பழைய டப்பா ஒன்றுக்குப் பொட்டு வைத்தார்கள்.

அர்த்தநாரிக்குக் கல்யாண வீடுகளில் முதல் மாலை விழுந்தது. யாராவது சந்தேகப்பட்டால், “மெஷின் பொய் சொல்லாதுங்க” என்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அவரே அந்தப் பாறைகளைப் பெற்று வளர்த்தவர் போல இருக்கும். பரமத்தியிலிருந்து ரேணுகா என்று ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இப்போது பெரியவர்கள் பாறை பார்க்கச் சொல்லி, ஒரே பாறை என்று தெரிந்து, புருஷனைத் தனியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் மாற்றிச் சொல்லக் கூடாதா என்று கேட்டு அழுதாள். அர்த்தநாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்தத் தர்மம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தது.

அவருக்கு ஒரே மகள், தாரணி. கோழி டாக்டர். படிப்பு முடிந்ததிலிருந்து தங்கமுத்துவின் பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கிறாள். தங்கமுத்து என்றால் லட்சக்கணக்கில் கோழி, சங்ககிரி வகையறாவின் தலைக்கட்டு, கல்லம்மன் கோயிலில் முதல் மரியாதை. அவர் மகன் பிரணவும் தாரணியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். தங்கமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. அர்த்தநாரியின் அப்பா ஒரு காலத்தில் அதே பண்ணையில் கோழி எரு அள்ளியவர். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, காலம் மாறிவிட்டது. அதனால் பழத்தட்டோடு சிரித்தபடி வந்தார். வந்தவர் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

“முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல அர்த்தநாரி. நீயே பாக்காம உட்டா, ஊரு உன்னையத்தான் பேசும்.”

பிரணவ் விரலை வைத்தான். சங்ககிரி. தாரணி அப்பாவையே பார்த்துக்கொண்டு விரலை வைத்தாள். சங்ககிரி. தங்கமுத்துவின் முகம் பூசணிப்பூப் போல மலர்ந்தது. பங்காளிப் பெண் தனக்கும் மகள்தான், பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, பழத்தட்டை மட்டும் ஞாபகமாகத் திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிரணவ் போக மனமில்லாமல் பின்னால் போனான்.

அவர்கள் தலை மறைந்ததும் அர்த்தநாரி மகளிடம் ஒரு யோசனை சொன்னார். பெட்டியின் பின்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்தினால் சங்ககிரி அரியலூர் ஆகிவிடும். பெட்டி சூடேறித் தப்பாகக் காட்டிவிட்டது, இன்னொரு தரம் பார்க்கலாம் என்று தங்கமுத்துவிடம் சொல்லிவிடலாம்.

“பரமத்தி அக்கா வந்து அழுதப்போ அந்தத் திருகு எங்கப்பா போச்சு?” என்று கேட்டாள் தாரணி.

அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏன் ஒரே பாறை வந்தது என்று மட்டும் முனகினார். அவளோ, வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்றாள்.

“எலும்பு சொந்த வீடு இல்லப்பா, வாடகை வீடு. கால்சியம் வரும், கொஞ்ச வருஷம் குடியிருக்கும், கெளம்பிரும். சுமாரா பத்து வருஷத்துல பழைய ஆளுக முக்காவாசிப் பேரு காலி பண்ணியிருப்பாங்க. நான் அத்தன வருஷமும் அந்தப் பண்ணைலதான் சாப்பிடறேன். அதே போர்த்தண்ணி. முட்டை ஓட்டப் பொடிச்சு அவங்க காட்டுக்கே போடறாங்க, அதுல வெளைஞ்ச ராகி. அப்பறம் நான் சங்ககிரி ஆகாம என்ன ஆவேன்?”

“அப்ப அந்த ஓட்டுக்கு எங்கருந்து வந்துச்சு?” என்றார் அர்த்தநாரி.

“கோழி தின்ன சங்ககிரிக் கல்லு. கல்லாகறதுக்கு முன்னால அது கடலுக்கு அடில சேறு. அதுக்கு முன்னால வேற எதோ மலை, மழைல கரைஞ்சு ஆத்தோட போனது. நாம செத்தா சாம்பலக் கூடுதுறைல கரைக்கறமில்ல? அதுவும் காவேரி வழியா கடலுக்குத்தான் போகுது. இன்னொரு நாளைக்குச் சிப்பி ஆகும், கல்லாகும், மறுபடி எவனாச்சு குவாரி வெட்டுவான். சுத்திச் சுத்தி ஒரே சரக்குதான். உங்க பெட்டி கடைசிக் குடித்தனத்த மட்டும் பாத்துட்டு முறை சொல்லுது.”

அடுப்படியிலிருந்து கோகிலா எட்டிப் பார்த்தாள். அர்த்தநாரியின் மனைவி அவள். இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே அதிகம்.

“ஏனுங்க, நாம கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரே சட்டில திங்கறோம். ரெண்டு பேரும் அரியலூருதான். அப்ப நான் உங்களுக்குத் தங்கச்சியா போயிட்டனுங்களா? சொல்லிப்போடுங்க, நாளைலருந்து அண்ணன் துணிய அண்ணனே தொவச்சுக்கட்டும்.”

இந்த நியாயத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு மறுநாள் அர்த்தநாரி தங்கமுத்து வீட்டுக்குப் போனார். தங்கமுத்து பொறுமையாகக் கேட்டார். தாலி ஏறிய பிறகு பாறை ஒன்றாவது வேறு, ஏறுவதற்கு முன் ஒன்றாக இருப்பது வேறு என்றார். அப்படியானால் பரமத்தி ஜோடியை ஏன் பிரித்தார்கள் என்று கேட்டதற்கு, அது பரமத்திக்காரர்கள் வழக்கம் என்றார். காபி கொடுத்து அனுப்பினார். நியாயத்தால் ஆகிற காரியம் இல்லை என்பது அர்த்தநாரிக்குக் கடைசிச் சொட்டுக் காபியோடு விளங்கியது.

வீட்டில் தாரணி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பண்ணை வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாக மட்டும் சொன்னாள். அர்த்தநாரி பெட்டியை எடுத்து மூலையில் வைத்தார். தான் ஒரு நாள் அடித்த கிண்டலுக்கு மகள் கடல் தாண்டிப் போகிறாள். இனி பேரப்பிள்ளையைக்கூடத் திரையில்தான் கொஞ்ச வேண்டும்.

இரண்டு நாள் கடையைத் திறக்காமல் யோசித்தார். மூன்றாம் நாள் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தங்கமுத்துவின் பண்ணைக்குப் போனார். முட்டை ஓடு சோதிக்க வந்ததாகக் காவலாளியிடம் சொன்னார். பொய் இல்லை, ஒரு ஓட்டைச் சோதிக்கவும் செய்தார். அப்புறம், முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மாரப்பனைக் கூப்பிட்டார். மாரப்பன் பண்ணையாட்களில் மூத்தவர். ஆட்கள் அத்தனை பேரும் பண்ணைக் குடியிருப்பில், அந்தப் போர்த்தண்ணியையும் அந்த ராகியையும் நம்பி வாழ்கிறவர்கள்.

மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தார். சங்ககிரி. அவர் மனைவி வைத்தாள். சங்ககிரி. தீவனம் அரைப்பவர், கூண்டு கழுவுபவர், லாரியில் தட்டு ஏற்றுபவர் என்று ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். குவாரியைக் கொண்டுவந்து அங்கே கொட்டியது போலத் திரையில் சங்ககிரி சங்ககிரியாக விழுந்துகொண்டே இருந்தது.

“அப்ப, முதலாளியும் நாங்களும்?” என்று மாரப்பன் மெதுவாகக் கேட்டார்.

“ஒரே பாறை.”

மாரப்பன் முட்டைத் தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். கல்லம்மனுக்கு வருகிற வெள்ளிக்கிழமை பொங்கல் என்றும், பங்காளிகள் தவறாமல் வர வேண்டுமென்று தங்கமுத்துவே அறிவித்திருக்கிறார் என்றும் அர்த்தநாரி பொதுவாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

வெள்ளிக்கிழமை குவாரி விளிம்பில் பந்தல். பாறைக்குப் பட்டுச் சுற்றியிருந்தார்கள். அர்த்தநாரி குடும்பம் வேறு வகையறா என்றாலும், பெட்டிக்காரர் என்ற மரியாதையில் கடைசி வரிசையில் நாற்காலி கிடைத்தது. தாரணியை வலுக்கட்டாயமாக இழுத்து வந்திருந்தார். பூசாரி முதல் மாலையைத் தங்கமுத்துவின் கழுத்தில் போடக் கையைத் தூக்கிய நேரத்தில், பண்ணை டிராக்டர்கள் வந்து நின்றன. மாரப்பன் முன்னால் இறங்கினார், வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. பின்னால் பெண்கள் பொங்கல் பானைகளோடு இறங்கினார்கள். பந்தலில் இருந்ததைப் போல நாலு பங்குக் கூட்டம். வந்தவர்கள் நேராக முன்வரிசைக்கு வந்து, பழக்கமில்லாத இடத்தில் உட்காருகிற கூச்சத்தோடு, ஆனால் உட்கார்ந்தே விட்டார்கள்.

தங்கமுத்து என்ன இது என்று கேட்டார். பங்காளிகள் வரவேண்டுமென்று சொல்லியிருந்தீர்களாமே என்றார் மாரப்பன். தங்கமுத்து அர்த்தநாரியைத் தேடிப் பிடித்து முறைத்தார். அப்புறம் சபையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“இவங்களுக்குத் தண்ணியும் சோறும் போட்டது நானு. எஞ்சோத்துல வந்த பாறை கணக்குல சேராது.”

அர்த்தநாரி இதற்காகத்தான் காத்திருந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எரு அள்ளியவர் மகன் அந்த வீட்டுக்காரருக்கு எதிரே நின்று சபையில் பேசுவது இதுதான் முதல் தடவை.

“எம்மகளுக்கும் அதே சோறுதானுங்களே நீங்க போட்டது. அதும் கணக்குல சேராதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, நான் இப்பவே வெத்தலபாக்கு மாத்திக்கறேன்.”

பந்தலில் சலசலப்பு எழுந்தது. ஆட்கள் பங்காளி இல்லை என்றால் எரு அள்ளியவர் பேத்தி மருமகளாக வருவாள். அவள் பங்காளி என்றால் இத்தனை பேரும் பங்காளிகள். இதற்கிடையில் யாரோ ஒரு கிழவர், அப்படிப் பார்த்தால் பண்ணைக் கோழியும் அதே கல்லைத் தின்பதுதானே, பங்காளி செத்தால் தீட்டு உண்டே, பண்ணையில் தினம் கோழி சாகிறதே என்று ஆரம்பித்தார். மதியத்துக்குக் கோழி பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அவர் தொடையைக் கிள்ளி உட்கார வைத்தார்கள்.

தங்கமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மருமகள் என்றால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவாள், தினமும் பார்க்க வேண்டும். பங்காளி என்றால் வருஷத்துக்கு ஒரு பொங்கல், ஒரு பந்தி, முடிந்துவிடும்.

“செரி, முறைன்னா முறைதான். எல்லாரும் பங்காளிதான்” என்றார். அர்த்தநாரி போட்ட கண்ணியை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாரணி எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

அப்போது மாரப்பன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பங்காளியாகிவிட்ட பிறகு பேசலாம் அல்லவா என்று கேட்டுக்கொண்டு, வகையறாவில் ஒரு பெண்ணை வேறு வகையறாவுக்குத் தத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டுதானே என்று பூசாரியிடம் விசாரித்தார். பழைய கூட்டங்களில் உண்டு, பங்காளிகளில் பெரும்பாலானோர் கூடிச் சம்மதித்தால் போதும், தத்துப் போனவர் அந்த நிமிஷத்திலிருந்து அந்த வகையறா என்றார் பூசாரி. அவருக்கு யார் பக்கம் என்று தெரியாது, வழக்கம் மட்டும்தான் தெரியும்.

“அப்படின்னா நம்ம டாக்டரம்மாவ அரியலூர் வகையறாவுக்குத் தத்துக் குடுத்துறலாமுங்க. எங்களுக்குச் சம்மதம்.”

முன்வரிசையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அரைகுறை மருந்துச் சீட்டோடு ஓடி வந்தபோதெல்லாம் கோழிகளோடு அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தவள் தாரணி. கை தூக்கிய பெண்கள் கையை இறக்கவே இல்லை. பழைய பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

எடுத்துக்கொள்கிற அரியலூர்க்காரர் யார் என்று பூசாரி கேட்டார். பந்தலில் அந்த வகையறாவாக இருந்தது அர்த்தநாரியும் கோகிலாவும்தான்.

ஆக, தாம் பெற்ற மகளையே அர்த்தநாரி சபையில் தத்து எடுத்துக்கொண்டார். பூசாரி சொன்னபடி அரியலூர் வகையறா வீட்டுத் தண்ணீர் ஒரு சொம்பு வேண்டும். கோகிலா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் எலும்புக்குப் போய்ச் சேர எத்தனை காலம் ஆகும் என்பது தாரணிக்குத் தெரியும். ஆனாலும் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். “இனிமே இவ உங்க மக” என்று பூசாரி அவள் கையைப் பிடித்துக் கொடுத்தபோது அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரசவ வார்டில் முதல்முதலாக வாங்கியபோதுகூட இப்படிக் கண் கலங்கவில்லை.

தங்கமுத்து என்ன செய்வார்? முறை முறை என்று சொன்ன வாய் அவருடையது. பிரணவ் ஏற்கெனவே அவர் காலில் விழுந்திருந்தான். அவன் எழுந்திருக்கவாவது ஆசி சொல்ல வேண்டியிருந்தது.

தத்து வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் பலரும் பாட்டிலும் கையுமாகக் கிளம்பினார்கள். பரமத்தி ரேணுகாவின் புருஷன் ஒரு மடக்குத் தூத்துக்குடித் தண்ணீர் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான். அர்த்தநாரி கல்யாணக்காரர்களைக் கடைப் பக்கமே விடுவதில்லை, முட்டை மட்டும்தான் பார்க்கிறார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகள் என்ற முறையில் பண்ணைக் குடும்பங்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். தங்கமுத்துவே இலை போட்டார். முகத்தில் ஈயாடவில்லை என்றாலும், கை பரிமாறியது. ஒரு நாள் கூத்து, பொறுத்துக்கொள்வோம், நாளை விடிந்தால் அவரவர் வேலை அவரவருக்கு என்று அர்த்தநாரியின் காதில் சொல்லித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். அர்த்தநாரி தலையை ஆட்டினார். மகள் மணமேடையில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

சாப்பாடு முடிந்து இரண்டு சம்பந்திகளும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கு மாரப்பன் வந்தார். வழக்கமாகத் தங்கமுத்து எதிரில் அவர் நின்றுதான் பேசுவார். அன்றைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். வேட்டியில் துடைத்தார். சுண்ணாம்பு தடவினார்.

“அண்ணா,” என்றார், “கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. தை பொறக்கட்டும், பங்காளிக எல்லாம் ஒக்காந்து பாகம் பிரிக்கறதப் பத்திப் பேசிரலாமுங்களா?”